தெய்வசிகாமணிக்கு ஏற்றிய மருந்து

செம்மண்குடியில் மாதப் பிறப்பன்று காலையில் மருத்துவமனை வாசலில் ஒரு வரிசை நிற்கும். ஆண்கள் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். எல்லோருக்கும் இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். செவிலி அதைத் திருகித் திறந்து, தீர்ந்துபோன மருந்துப் பொதியை எடுத்துவிட்டு நிரம்பிய பொதியைச் செருகுவாள். பால் வாங்க நிற்கும் வரிசையைப் போலவே அங்கும் ஊர்க்கதை ஓடும். ஒன்றை மட்டும் யாரும் யாரிடமும் கேட்கமாட்டார்கள். உள்ளே இருக்கும் உறுப்பு யாருடையது என்று கேட்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

செவ்வாயில் மனிதர் குடியேறி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த முதல் தொகுதி ஆட்கள் சிவந்த தரைக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஊர் அமைத்தார்கள். வெயிலும் குளிரும் உள்ளே வரவில்லை. ஆனால் செம்புழுதியில் கலந்திருந்த உப்புகள் வந்தன. அவை சிறுநீரகத்தைத்தான் முதலில் தின்றன. பூமியில் அச்சிட்டு அனுப்பிய உறுப்புகள் நெடும்பயணத்தில் கெட்டுப்போயின. ஆகவே ஊரில் ஒருவர் விபத்தில் இறந்தால், அவர் உடம்பு பலர் உடம்பில் பிழைத்திருந்தது. ஐந்து பேரில் ஒருவர், இறந்துபோன யாரோ ஒருவரின் உறுப்போடு நடமாடினார். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தெய்வசிகாமணிக்கு மட்டும் எல்லாமே விசித்திரமாகப் பட்டது. அவர் கசிவுக் காவலர். சுரங்கத்தின் மூட்டுகளில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு மூட்டில் கசிவில்லை என்று கருவி சொன்னால், கருவியில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைப்பார். வேறு கருவி கொண்டுவந்து பார்ப்பார். பிறகு கன்னத்தை மூட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஒருமுறை அப்படி நின்றதால்தான் கீழைச் சுரங்கத்தில் இருந்த எண்பது குடும்பங்கள் பிழைத்தன. அதனால் ஊர் அவரை மதித்தது. கொஞ்சம் தள்ளியும் நின்றது. ஏனென்றால் வேலையில் வைத்த சந்தேகத்தை அவர் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவர் அல்ல. யாராவது எதிரே வந்து, "நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டால், இவன் எதற்காகக் கேட்கிறான் என்று இரண்டு நாள் யோசிப்பார். அவர் மனைவி சண்முகவடிவு ஒரு புதுப் பாட்டை முணுமுணுத்தால், அது எங்கே கேட்ட பாட்டு என்று விசாரிப்பார்.

பவுன்ராஜ் அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு மூட்டைச் சோதிக்காமல், முந்தின முறை பார்த்தவரை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூட்டு லேசாகக் கசிந்தது. ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் தெய்வசிகாமணி ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். பவுன்ராஜைக் காளான் பண்ணைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பல வருடங்களாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தெய்வசிகாமணியின் சிறுநீரகங்கள் ஓய்ந்துபோய் வேறொன்று பொருத்தியபோது, டாக்டர் ரஹ்மத்நிசா படுக்கை அருகே அமர்ந்து பொறுமையாக விளக்கினார்.

"உங்க ரத்தத்துல டி செல்னு ஒரு காவல் படை இருக்கு. உங்க உடம்பு எது, அடுத்த உடம்பு எதுன்னு அதுக்குத் தெரியும். அடுத்தவங்க சிறுநீரகத்தைப் பாத்தா அதை அழிக்கத்தான் பாக்கும். அதனால அறுவை நேரத்துலயே ஒருவகை எதிர்ப்புரதம் குடுத்து அந்தப் படையில பெரும்பகுதியைக் குறைச்சிட்டோம். ஆனா திரும்பவும் பெருகி வரும். அதுக்குத்தான் பொதியில வேற எதிர்ப்புரதம் வைக்கிறோம். அமர்த்தின்னு பேரு."

"அது என்ன செய்யும்?"

"டி செல் அந்நியப் பொருளைப் பாத்த உடனே பாய்ஞ்சிடாது. அது சந்தேகப்படும். பக்கத்துல இன்னொரு செல் வந்து, ஆமா, இது ஆபத்துதான்னு கை குடுக்கணும். அந்த ரெண்டாவது கை கிடைச்சாத்தான் சண்டை. அமர்த்தி அந்தக் கையைப் பிடிச்சு நிறுத்திரும். கை கிடைக்காத டி செல் கொஞ்ச நாள்ல சோர்ந்து சும்மா இருந்துரும்."

"நிஜமான கிருமி வந்தா?"

"அங்கதான் கஷ்டம். காவல் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். காய்ச்சல்னா உடனே வந்துரணும்."

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சிலருடைய டி செல்கள் போகப்போக அந்த உறுப்பைச் சொந்தமாகவே எடுத்துக்கொள்ளும். பொதி நிரப்பும் இயந்திரம் மாதாமாதம் ரத்தத்தைப் பார்த்து, அதற்கேற்ப மருந்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஒருநாள் பொதியில் வெறும் உப்புநீர் மட்டுமே இருக்கும். அது எந்த நாள் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் இல்லாத வலியெல்லாம் வரும். நோயாளியே கேட்டால் இயந்திரம் சொல்லிவிடும். அப்படிக் கேட்காமல் இருப்பது நல்லது. சம்மதமா?

தெய்வசிகாமணி சம்மதித்தார். தன் செல்கள் அப்படி ஏமாறுகிற ரகம் இல்லை என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது.

பொதியோடு வாழ்ந்த முதல் வருடம் வடிவுக்கு நரகமாகப் போனது. சிறுநீரகம் யாருடையது என்று சொல்லச் சட்டம் விடாது. அறுவை நடந்த சமயத்தில் ஊரில் மூன்று சாவு நடந்திருந்தது. தெய்வசிகாமணி மூன்று வீட்டாரையும் நோட்டம் விட்டார். அவர்கள் தன் இடுப்புப் பக்கமே பார்க்கிறார்கள் என்றார். பொதியைத் தன் கண்ணெதிரே பிரிக்க வேண்டும் என்று செவிலியோடு சண்டை போட்டார். வடிவு வைத்த குழம்பை அவளே முதலில் ஒரு வாய் சாப்பிட வேண்டியிருந்தது.

இரண்டாம் வருடத்தில் ஒரு புழுதிப் புயல் வந்தது. வடக்குச் சுரங்கத்துக் கதவுகளை அடைத்துவிட்டார்கள். தங்கை வீட்டுக்குப் போயிருந்த வடிவு அங்கேயே மாட்டிக்கொண்டாள். இங்கே தெய்வசிகாமணிக்குச் சளி பிடித்து எழுந்திருக்க முடியவில்லை. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் தள்ளாடிப் போய்த் திறந்தார். கையில் ஒரு மூடிபோட்ட சட்டியோடு பவுன்ராஜ் நின்றார்.

"வடிவு கூப்பிட்டுச் சொல்லிச்சு. காளான் ரசம். சோதிச்சுட்டுத்தான் குடிப்பேம்னா சோதிச்சுட்டுக் குடியும். ஆறிப்போவும், அவ்வளவுதான்."

தெய்வசிகாமணி சட்டியைப் பார்த்தார். தொண்டை எரிந்தது. ரசத்தில் மிளகு வாசம் தூக்கலாக இருந்தது. வாங்கிக் குடித்துவிட்டார்.

மறுநாளும் பவுன்ராஜ் வந்தார். அதற்கடுத்த நாள் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைக் கொண்டுவந்தார். வடிவு திரும்பி வந்தபோது வீட்டில் இரண்டு கிழவர்கள் ஒரு காய் நகர்த்தியதைப் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

அதன்பின் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளானார். எதிரே வருகிறவர்களை அவரே முதலில் விசாரித்தார். இறந்துபோன மூவரில் ஒருவருடைய வீட்டுக்குப் போய் அவர்கள் கதவு மூட்டைச் சும்மாவே சரிசெய்து கொடுத்தார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். வடிவு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

காளான் பண்ணையில் ஒரு மாலை நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் தோற்றுப்போன தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே எழுந்தார். பம்ப் அறையில் வேலை பார்க்கும் ஐசக் சொன்னான்:

"அண்ணாச்சி, உங்களுக்கு ஏத்துத மருந்துல எங்க மாமியாருக்கும் ரெண்டு சொட்டு கேட்டு வாங்கிக் குடுங்க. வீட்ல நிம்மதியா இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சிரிப்பு நின்றது.

மருந்து. தன் உடம்பில் இருக்கும் காவல் படையின் சந்தேகத்தை அடக்குகிற மருந்து. அது டி செல்லோடு நின்றுகொள்ளும் என்று யார் சொன்னது? டாக்டர் சொன்னார். டாக்டருக்கு யார் சொன்னது? ஊரில் அமர்த்தியை யாரும் அமர்த்தி என்று சொல்வதில்லை. சாந்தித் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். காரணமில்லாமலா அந்தப் பெயர் வந்தது?

அப்போதுதான் இன்னொன்றும் அவர் நினைவுக்கு வந்தது. போன வாரம் மேலைச் சுரங்கத்தில் ஒரு புதிய மூட்டு. "நல்லா பாத்துட்டேன் அண்ணாச்சி" என்று கூடவந்தவன் சொன்னான். இவர் "சரி" என்றுவிட்டு வந்துவிட்டார். திரும்ப ஓடினார். இரண்டு கருவி வைத்துப் பார்த்தார். கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். மூட்டு குறையில்லாமல் இருந்தது. அது அவரை ஆறுதல்படுத்தவில்லை. மூட்டு சரியாக இருந்தது அதிர்ஷ்டம். தான் பார்க்காமல் விட்டது நிஜம்.

"என்னை என்னமோ பண்ணிட்டாங்க" என்றார் வடிவிடம்.

"இப்பத்தான் மனுசனா இருக்கிய. அதுல என்ன குத்தம் கண்டிய?"

"அதைத்தான் சொல்லுதேன். இவ்வளவு வருசம் இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு?"

வடிவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவள்போல அவள் நடிப்பதாக அவர் நினைத்தார்.

மறுநாள் டாக்டரிடம் போனார். ரஹ்மத்நிசா முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"எதிர்ப்புரதம் ரொம்பப் பெரிய மூலக்கூறு. ரத்தத்துலருந்து மூளைக்குள்ள லேசில போகாது. அதுக்குக் குணத்தை மாத்தத் தெரியாது, அண்ணாச்சி. அதோட, உங்களுக்கு மருந்து எந்த அளவுக்குக் குறைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாது. வேணும்னா இயந்திரத்தைக் கேட்டுப் பாக்கலாம்."

"கொறஞ்சா எனக்குத் தெரியாதா? அந்த எந்திரத்துக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்கதான?"

அடுத்த மாதப் பிறப்பன்று அவர் வரிசையில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த மாதமும் நிற்கவில்லை. டாக்டர் இரண்டு முறை வீடு தேடி வந்தார். கதவு திறக்கவில்லை. சம்மதமில்லாதவர் உடம்பைத் தொடக்கூடாது என்பது செம்மண்குடியின் முதல் சட்டம். டாக்டர் கதவுக்கு வெளியே நின்று, "கால் வீங்கினா, சிறுநீர் குறைஞ்சா உடனே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் வீங்கவில்லை. எதுவும் குறையவில்லை. ஆனால் அவருக்குப் பழைய கூர்மை திரும்பி வந்துவிட்டது. ஐசக் மருந்தைப் பற்றிப் பேசியது தற்செயலா என்று யோசித்தார். குழம்பை வடிவு முதலில் சாப்பிட வேண்டியதாயிற்று. ஒரு காலை காளான் பண்ணைக்குப் போனவர், ஈரக்காற்று வரும் குழாயில் ஒரு திருகு புதிதாக இருப்பதைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினீரு?"

"பழசு தேஞ்சுபோச்சு வே. உம்ம ஆளுதான் வந்து மாத்துனான்."

"எந்த ஆளு? பேரு என்ன? ரசம் கொண்டாந்து குடுத்து, வெளையாட வந்து, இதெல்லாம் எதுக்குன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. என் கண்ணைக் கட்டிட்டு நீரு திரும்பவும் கசிவு வேலைக்கு வரப் பாக்கீரு."

பவுன்ராஜ் கையில் இருந்த காளான் கூடையைக் கீழே வைத்தார். பக்கத்தில் விரித்திருந்த ஆட்டக் கட்டத்தை மடித்தார். காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"வீட்டுக்குப் போவும்" என்றார்.

போகிற வழியில் தெய்வசிகாமணி இரண்டு முறை பண்ணையைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் தான் தானாகிவிட்டோம். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. தெய்வசிகாமணி எழுந்து நிதானமாகப் பேசினார். அவர் பேச்சில் வெறி இல்லை. இத்தனை வருடம் ஊரைக் காப்பாற்றிய குரல் அது. "அமர்த்தி போட்டதும் நான் யாரையும் சந்தேகப்படாத ஆளாயிட்டேன். நிறுத்தினதும் பழையபடி ஆயிட்டேன். உடம்புக்கு ஒண்ணும் ஆகலை. இத்தனை மாசமா நான் பொதி மாத்தலை, எல்லாருக்கும் தெரியும். அப்ப அந்த மருந்து எதுக்கு? அஞ்சுல ஒருத்தருக்கு எதுக்கு அதைக் குடுக்காங்க? யோசிங்க."

சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் டாக்டரைப் பார்த்தார்கள். கிழவர் சொல்கிறார், போகட்டும் என்று அது அங்கேயே அடங்கிவிட்டிருக்கும். ஆனால் ஜெபமணி டீச்சர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கும் அடுத்தவர் சிறுநீரகம்தான்.

"ஆமா" என்றார் தயங்கிக்கொண்டே. "எனக்கும் அப்படித்தான் தோணுது. முன்னெல்லாம் பிள்ளைகளைப் போட்டு அடிப்பேன். இப்பக் கையே ஓங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு மண்டபம் அடங்கவில்லை. தனக்கும் தூக்கம் அதிகம் வருகிறது என்றார் ஒருவர். தன் தம்பி போன தேர்தலில் எதிர்த்தே பேசவில்லை என்றார் இன்னொருவர். ரஹ்மத்நிசா எழுந்து மூலக்கூற்றின் பருமனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த மாதப் பிறப்பன்று மருத்துவமனை வாசலில் வரிசையே இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், காது கேளாத ஒரு தச்சரும் மட்டும் நின்றார்கள்.

டாக்டர் வீடுவீடாகப் போனார். சிலர் சட்டையைத் திறந்து பொதியைப் போட்டுக்கொண்டார்கள். பலர் "அண்ணாச்சியைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்காரு" என்றார்கள். ஜெபமணி டீச்சர் தேநீர் கொடுத்து உபசரித்து, மருந்து மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் விழுந்தவர் அவர்தான். காய்ச்சல் வந்தது. முகம் ஊதியது. தடுக்க ஆளில்லாத இடத்தில் அவருடைய டி செல்கள் கைகோத்துக்கொண்டு சிறுநீரகத்துக்குள் நுழைந்துவிட்டன. கொண்டுவந்து கிடத்தியபோதே பாதி போயிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். டி செல்களைக் கூட்டத்தோடு குறைக்கும் பழைய எதிர்ப்புரதத்தை டாக்டர் திரும்ப எடுத்தார். அதைப் போட்டவர்களை ஒரு தும்மல்கூட எட்டாத கண்ணாடி அறைகளில் தனித்தனியாகப் படுக்க வைத்தார். மற்றவர்கள் தப்பினார்கள். ஜெபமணியின் சிறுநீரகத்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவரை ரத்தம் வடிகட்டும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். அடுத்து யாராவது இறந்தால் பார்க்கலாம்.

மறுபடியும் ஊர்க்கூட்டம். இந்த முறை மண்டபம் வெளிவாசல் வரை நிரம்பியிருந்தது. ரஹ்மத்நிசா பல நாள் தூங்காத கண்களோடு நின்றார். பவுன்ராஜ் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்தார்.

"மருந்து நிறுத்தினதாலதான் இவ்வளவும்னு சொல்றீங்க" என்றார் தெய்வசிகாமணி. ஜெபமணியின் நிலை அவரை உறுத்தத்தான் செய்தது. ஆனால் கணக்கு இன்னும் சரிவரவில்லை. "நானும்தான் நிறுத்தினேன். எல்லாருக்கும் முன்னால நிறுத்தினேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை? எம் பொதியில என்ன வச்சீங்க? அதைச் சொல்லச் சொல்லுங்க அந்த எந்திரத்தை."

"நீங்களே கேளுங்க. நீங்க கேட்டா அது சொல்லும்."

அவர் கேட்டார். மண்டபத்து ஒலிபெருக்கியில் பொதி நிரப்பும் இயந்திரம் பேசியது. அதற்கு ஒரு சாதுவான பெண்குரல் வைத்திருந்தார்கள்.

"தெய்வசிகாமணியின் டி செல்கள் பொருத்திய சிறுநீரகத்தை எதிர்ப்பதை முதலாம் வருட முடிவிலேயே நிறுத்திவிட்டன. சென்ற வருடப் புழுதிப் புயலுக்கு முந்தைய மாதம் முதல் அவருடைய பொதியில் உப்புநீர் மட்டுமே நிரப்பப்பட்டது."

ரஹ்மத்நிசாவே அதை அப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் மெதுவாகத் தெய்வசிகாமணி பக்கம் திரும்பினார்.

"மருந்து முழுசா ஓடின வருசம் முதல் வருசம். அந்த வருசம் நீங்க எப்படி இருந்தீங்கன்னு ஊருக்கே தெரியும், அண்ணாச்சி. நீங்க மாறினது அதுக்கு அப்புறம். அப்ப உங்க உடம்புல ஒரு சொட்டு அமர்த்திகூட இல்ல. நீங்க நிறுத்தினது வெறும் உப்புத் தண்ணியை."

தெய்வசிகாமணி காறை எலும்புக்குக் கீழே இருந்த மூடியைத் தடவினார். கூட்டம் அவரைப் பார்த்தது. அப்படியானால் அந்த நாட்களில் அவர் சிரித்ததும், கதவு மூட்டைச் சரிசெய்து கொடுத்ததும், குழம்பு நன்றாயிருக்கிறது என்றதும் யாரும் ஏற்றாமல் அவரிடமிருந்தே வந்தவை. எல்லோரும் அதைப் புரிந்துகொள்ள முயன்றார்கள். புரிந்துகொள்வது கடினமாக இருந்தது.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அப்ப அந்த உப்புத் தண்ணியில என்ன கலந்தீங்க டாக்டரம்மா?"

ஆமாம், அது நல்ல கேள்விதான் என்பதுபோலக் கூட்டம் சலசலத்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது தெய்வசிகாமணி வடிவிடம் கேட்டார். "மருந்து இல்லைன்னா வேற என்ன? நீ சொல்லு. எப்படி ஆச்சு?"

"ஒரு மனுசன் ரசம் கொண்டாந்து குடுத்தான். நீங்க வாங்கிக் குடிச்சிய. வேற என்ன ஆகணும்?"

அவர் மறுநாள் காளான் பண்ணைக்குப் போனார். பவுன்ராஜ் உள்ளே வேலையாக இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு காளான் பாத்திகளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். தெய்வசிகாமணி வெகுநேரம் நின்றார். பவுன்ராஜ் இந்தப் பக்கம் வரவில்லை.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். ஜெபமணி டீச்சரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். திட்டுவார், திட்டட்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வார், கொள்ளட்டும். தன்னைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

அறையில் வடிகட்டும் இயந்திரம் மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமணி தலையணையில் சாய்ந்து பிள்ளைகளின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தெய்வசிகாமணியைப் பார்த்ததும் தாள்களை ஓரமாக வைத்தார்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "டீச்சர், என்னாலதான் இது. நான் அன்னைக்கு எந்திச்சுப் பேசாம இருந்திருந்தா..."

"நீங்க பேசினீங்க. நான் ஆமான்னேன். உங்களை யாரும் நம்பல, நான் ஆமான்ன பிறகுதான் நம்பினாங்க. அப்ப என் பங்கும் இருக்கு." அவர் லேசாக மூச்சு வாங்கினார். "எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. வருமான்னு இருந்து பாத்தேன். வரலை. அடிக்கடி வாங்க. இங்க பேச ஆளில்லாமப் பொழுது போக மாட்டேங்குது. வடிவு அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் தெய்வசிகாமணியின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுத் தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்தது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிறுநீரகம் போய்விட்டது. உயிர் இயந்திரத்தில் தொங்குகிறது. அதற்குக் காரணமானவன் எதிரே வந்து நிற்கிறான். கோபம் வரவில்லையாம்.

எதிரே தட்டோடு வந்த செவிலியைக் கைகாட்டி நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, டீச்சருக்கு என்ன மருந்து ஏத்துதிய?"